டார்பி குடும்பமும் இரும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் தொழிற்புரட்சிப் பாடம் படித்தவர்களுக்கு "1709, ஆபிரகாம் டார்பி, கல்கரி" என்று ஒற்றை வரி ஞாபகம் இருக்கலாம் (கல்கரி என்றால் சுட்டுப் புகை போக்கிய நிலக்கரி, ஆங்கிலத்தில் கோக்). பரீட்சைக்கு அது போதும். அந்த வரிக்குப் பின்னால் ஊர் ஊராகப் பெயர்ந்த ஒரு குடும்பமும், ஒரு சின்ன மதக்குழுவும், ஏகப்பட்ட சமையல் பானைகளும் இருக்கின்றன. இதைப் பற்றி நான் பேசப்போகும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த டார்பி குடும்பம்?

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில், செவர்ன் ஆற்றை ஒட்டி, கோல்புரூக்டேல் என்று ஒரு குறுகலான பள்ளத்தாக்கு. 1708-ல் அங்கே பாழாய்க் கிடந்த ஓர் ஊதுலையை, அதாவது காற்று ஊதி இரும்புக்கல்லை உருக்கும் உலையை, குத்தகைக்கு எடுத்தவர் ஆபிரகாம் டார்பி. அதற்கப்புறம் நூறாண்டுக்கும் மேலாக அந்தக் குடும்பத்தின் கை அந்தத் தொழிலில் இருந்தது. அவர்கள் குவேக்கர் என்ற சின்னக் கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்தவர்கள்.

ஒரே சிக்கல், அப்பா, மகன், பேரன் மூவருக்கும் ஆபிரகாம் என்றுதான் பெயர். புத்தகம் எழுதியவர்களே ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் மூத்தவர் (1678–1717), மகன் (1711–1763), பேரன் (1750–1789) என்று பிரித்துச் சொல்கிறேன். மூத்தவர் கல்கரியில் இரும்பு உருக்கியவர். மகன் அந்த இரும்பைப் பட்டறைக்காரர்கள் ஏற்கும்படி செய்தவர். பேரன் இரும்பில் பாலம் கட்டியவர்.

குவேக்கர் என்றால் ஓட்ஸ் டப்பாவில் இருக்கிற தாத்தாவா?

அந்த ஓட்ஸ் கம்பெனிக்கும் குவேக்கர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் ஒரு மாவு மில்காரர்கள், குவேக்கர் என்றால் நாணயமான ஆள் என்று சனங்கள் நினைக்கிறார்களே என்று 1877-ல் அந்தப் பெயரையும் உருவத்தையும் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த நல்ல பேர் எப்படி வந்தது என்பதில்தான் நம் கதையே இருக்கிறது.

1650-களில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் பேச்சைக் கேட்டுத் திரண்ட கூட்டம் இது. தங்களை 'நண்பர்கள்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 'குவேக்கர்', அதாவது நடுங்குபவர், மற்றவர்கள் வைத்த கேலிப் பெயர். பாதிரியார் கிடையாது, பலிபீடம் கிடையாது. ஒரு கூடத்தில் எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளிருந்து சொல் எழுகிறதோ அவர் எழுந்து பேசலாம், ஆணோ பெண்ணோ.

அவர்களை வம்பில் மாட்டியது இரண்டு வழக்கங்கள். ஒன்று, யார் முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். இன்னொன்றை ஒரு தமிழனுக்கு விளக்கவே வேண்டாம். அன்றைய ஆங்கிலத்திலும் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இருந்தது. குவேக்கர்கள் எல்லாரையும் 'நீ' என்றார்கள். பண்ணையாரும் நீ, நீதிபதியும் நீ, ராஜாவும் நீ. நம் ஊரில் தாசில்தாரைப் போய் "நீ சொல்" என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதுதான் ஆனது.

சரி, மதக்குழு எதற்காக இரும்பு வியாபாரத்துக்கு வந்தது?

மற்ற கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. எப்போதும் உண்மையே பேசுகிறவன் இப்போது மட்டும் உண்மை சொல்கிறேன் என்று சத்தியம் செய்வானேன் என்பது வாதம். நியாயம்தான். ஆனால் அரசாங்கப் பதவிக்குப் பிரமாணம் வேண்டும். ஆக்ஸ்போர்டில் சேரவும் கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கவும் அரசுத் திருச்சபையை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். ராணுவம் கூடாது என்று அவர்களே ஒதுங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது கைத்தொழிலும் வியாபாரமும்.

அதில் அவர்களுக்கு இரண்டு அனுகூலம். பேரம் கிடையாது, சொன்ன விலைதான். இன்று இது சாதாரணம். அன்று குழந்தையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையைத் தேடித்தந்தது இதுதான். இரண்டாவது, கடன் வாங்கித் திவாலானால் கூட்டத்தை விட்டே விலக்கிவிடுவார்கள். அதனால் ஒரு குவேக்கருக்கு இன்னொரு குவேக்கர் துணிந்து பணம் கொடுத்தார். வெளியே கல்யாணம் செய்தாலும் விலக்குதான். ஆகவே மாமன், மச்சான், சம்பந்தி என்று சுற்றிச் சுற்றி அவர்களுக்குள்ளேயே உறவு, அவர்களுக்குள்ளேயே கூட்டு. முதலீட்டுக்கு வங்கியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மாமனார் இருந்தார்.

ஊர் மாறும்போது பழைய ஊர்க் கூட்டம் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுக்கும். இன்னார், நல்ல நடத்தை, கடன் பாக்கி இல்லை, கல்யாணம் ஆனவரா இல்லையா என்று. நம் பள்ளிக்கூட டிசி மாதிரிதான். அதைக் கொண்டுபோய்ப் புது ஊர்க் கூட்டத்தில் நீட்டினால் அன்றைக்கே தெரிந்த முகம் ஆகிவிடலாம். டார்பி எங்கே போனாலும் அவருக்கு முன்னால் ஓர் ஊரே காத்திருந்தது என்பதன் ரகசியம் இது.

குடும்பம் எங்கிருந்து எங்கே பெயர்ந்தது?

தொடக்கம் டட்லிக்குப் பக்கத்தில் ரென்ஸ் நெஸ்ட். அப்பா ஜான் டார்பி கொஞ்சம் விவசாயமும் ஆணி, பூட்டு வேலையும் பார்த்தவர். அந்த வட்டாரமே அப்படித்தான். காலையில் வயல், மாலையில் வீட்டுக் கொட்டகையில் ஆணி அடிப்பது. அதே பக்கத்தில் டட் டட்லி என்பவர் மூத்த ஆபிரகாம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே நிலக்கரியில் இரும்பு உருக்கியதாகச் சொல்லி, 1665-ல் புத்தகமும் போட்டார். அவர் டார்பிக்குக் கொள்ளுப்பாட்டி வழியில் உறவு. அவர் உண்மையிலேயே சாதித்தாரா என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இந்தப் பேச்சு அடிபட்டிருக்கும் என்று நினைக்கத் தடையில்லை.

அடுத்து பர்மிங்காம். ஜொனாதன் பிரீத் என்ற குவேக்கரிடம் மால்ட் மில் செய்யும் தொழிலுக்குச் சீடனாகப் போனார் ஆபிரகாம். 1699-ல் பயிற்சி முடிந்ததும் மேரி சார்ஜென்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டு பிரிஸ்டலுக்குக் குடிபோனார். பிரிஸ்டல் அன்றைக்குப் பெரிய துறைமுகம், குவேக்கர் வியாபாரிகள் நிறைந்த ஊர். அங்கே 1702 வாக்கில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து பாப்டிஸ்ட் மில்ஸ் என்ற இடத்தில் பித்தளைத் தொழிற்சாலை. கடைசியாக 1708-ல் கோல்புரூக்டேல். முப்பது வயதாகும்போது நாலு ஊர், மூன்று தொழில்.

எனக்கு இதில் பிடித்தது, ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊருக்கு ஒரு வித்தையைக் கட்டுச்சோறு மாதிரி கட்டிக்கொடுத்து அனுப்பியதுதான். கீழே வரும் மூன்று பதில்களும் அந்தக் கட்டுச்சோற்றைப் பிரிக்கின்றன.

மால்ட் மில்லுக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. ராகி மால்ட் என்கிறோமே, அதே மால்ட்தான். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூட்டில் உலர்த்தி எடுத்தால் மால்ட். பீருக்கு அதுதான் மூலப்பொருள். உலர்த்தும்போது நிலக்கரியை எரித்தால் கந்தகப் புகை தானியத்தில் ஏறி பீர் நாறும். அதனால் மால்ட் போடுகிறவர்கள் நிலக்கரியை முதலில் மூட்டம் போட்டுச் சுட்டு, புகையையும் கந்தகத்தில் ஒரு பகுதியையும் போக்கி, கல்கரியாக்கிப் பயன்படுத்தப் பழகியிருந்தார்கள். டார்பிக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இது நடைமுறையில் இருந்தது.

இரும்பு உருக்குகிறவருக்கும் கந்தகம்தான் எமன். நிலக்கரியை நேரடியாக உலையில் போட்டால் கந்தகம் இரும்பில் கலந்து அதைக் கெடுத்துவிடும். மால்ட்காரரின் தொல்லையும் உலைக்காரரின் தொல்லையும் ஒன்றுதான் என்று கண்டுகொள்ள இரண்டு பட்டறையிலும் கால் வைத்த ஆள் வேண்டியிருந்தது. இது என் ஊகம் இல்லை. மகன் ஆபிரகாமின் மனைவி அபையா 1770-களில் எழுதிய ஒரு கடிதத்தில், மாமனார் முதலில் பச்சைக் கரியைப் போட்டுப் பார்த்தார், சரிப்படவில்லை, பிறகு மால்ட் உலர்த்தச் செய்வது போலச் சுட்டுப் போட்டார், பலித்தது என்று சொல்கிறார். மாமனாரை அவர் பார்த்ததில்லை. வீட்டில் கேட்டதைத்தான் எழுதுகிறார். ஆனாலும் 'மால்ட்' என்ற சொல் அந்த வீட்டில் அறுபது வருடம் மறக்கப்படாமல் இருந்திருக்கிறது.

பித்தளைக்காரர் ஏன் இரும்புப் பானைக்குப் போனார்?

பித்தளைப் பானை பணக்காரர் வீட்டுச் சாமான். இரும்பில் செய்தால் விலை பாதியாகும், வாங்குகிறவர் பலமடங்காவார் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கஷ்டம் வார்ப்பில் இருந்தது.

அன்றைய அடுப்படிப் பானை மூன்று கால், இரண்டு காது, சின்ன வாய், பெரிய தொப்பை. அதைக் களிமண் அச்சில் வார்ப்பார்கள். அச்சைக் கையால் குழைத்துக் கட்டி, காயவைத்து, சுட்டு, இரும்பை ஊற்றி, அப்புறம் உடைத்து எடுக்க வேண்டும். ஒரு பானைக்கு ஓர் அச்சு. டார்பி நினைத்தது ஈர மணலில் வார்ப்பதை. மாதிரிப் பானையைப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றி மணலை இடித்து நிரப்பி, மாதிரியை உருவிவிட்டால் அதன் வடிவில் குழி கிடைக்கும். அதே மாதிரியை நூறு தடவை பதிக்கலாம். தொப்பைதான் இடைஞ்சல். வாய் குறுகல், வயிறு அகலம் என்றால் மாதிரியை எப்படி உருவுவது? மணல் இடிந்துவிடும். மாதிரியையே துண்டு துண்டாகப் பிரிகிற மாதிரி செய்து, பெட்டியையும் பகுதி பகுதியாகக் கழற்றி, பானையின் உட்புறத்துக்குத் தனி மணல் கருவை நடுவில் நிறுத்த வேண்டும். கருவுக்கும் வெளி மணலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளிதான் பானையின் கனம். ஒரு பக்கம் சாய்ந்தாலும் பானை ஓட்டை. கோயம்புத்தூர் பவுண்டரிகளில் வேலை செய்தவர்களுக்கு இதை வாசிக்கும்போதே பேட்டர்ன், கோர், மோல்டிங் பாக்ஸ் என்று நாக்கில் வரும். அதேதான்.

ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் தேசத்துப் பையன் இதில் டார்பிக்குக் கைகொடுத்தான் என்றும், இருவரும் கதவைப் பூட்டி, சாவித்துவாரத்தையும் அடைத்துக்கொண்டு பரிசோதனை செய்தார்கள் என்றும் அந்தப் பையனின் வழிவந்தவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். சாவித்துவார விவரத்தை நான் நம்புகிறேன். இப்படிப்பட்ட கதையில் யாரும் மெனக்கெட்டு இட்டுக்கட்டாத சங்கதி அது. 1707 ஏப்ரலில் இந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. களிமண் இல்லாமல் மணலிலேயே தொப்பைப் பானை வார்ப்பது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பித்தளைக் கூட்டாளிகள் இரும்பில் பணம் போடத் தயங்கினார்கள். டார்பி விலகிக்கொண்டு கோல்புரூக்டேலுக்குக் கிளம்பிவிட்டார்.

1709-ல் உண்மையில் என்ன நடந்தது?

அந்த ஜனவரியில் பழுதுபார்த்த உலையை மூட்டினார்கள், மரக்கரிக்குப் பதில் கல்கரி போட்டு. அவ்வளவே. ஊர்ப்பெருமை பேசும் விழா ஒன்றும் நடக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் சாதாரண வரவு செலவாகத்தான் அது பதிவாகியிருக்கிறது.

காடெல்லாம் அழிந்துபோனதால்தான் கல்கரிக்கு மாறினார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். கொஞ்சம் மிகை. கரிக்காக வெட்டும் மரங்களை அடியோடு சாய்ப்பதில்லை. வெட்டினால் தழைக்கிற மாதிரி முறைவைத்து வெட்டினார்கள். விலை ஏறியதும், மரக்கரி நொறுங்கும் சரக்கு என்பதால் தூரத்திலிருந்து கொண்டுவர முடியாததும்தான் தொந்தரவு. உலைக்குள்ளும் அது பாரம் தாங்காது, அதனால் உலையை உயர்த்திக் கட்ட முடியாது. கல்கரி கெட்டி. மேலே எவ்வளவு கல் ஏற்றினாலும் நசுங்காமல் காற்றுக்கு வழிவிடும்.

டார்பிக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. கோல்புரூக்டேல் பக்கத்து நிலக்கரியில் கந்தகம் குறைவு. வேறு ஊரில் இதே காரியத்தைச் செய்திருந்தால் அபையா கடிதம் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அப்படியானால் எல்லாரும் உடனே கல்கரிக்கு மாறினார்களா?

இல்லை. நாற்பது, ஐம்பது வருடம் பெரும்பாலோர் மாறவில்லை. அவர்கள் முட்டாள்களும் இல்லை.

எங்கள் வீட்டு வார்ப்பிரும்பு தோசைக்கல் ஒருநாள் கை நழுவித் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. பக்கத்திலேயே தொங்கிய பழைய அரிவாள் எத்தனை தடவை விழுந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. முன்னது உலையிலிருந்து ஊற்றியது, கெட்டி ஆனால் நொறுங்கும். பின்னது அடித்து வடித்தது. அன்றைய சந்தையில் பெரும்பங்கு இந்த அடிக்கிற இரும்புக்குத்தான். ஆணி, லாடம், கலப்பைக்கொழு எல்லாம் தேனிரும்பு. கல்கரி இரும்பில் சிலிக்கன் அதிகம். ஊற்றினால் தண்ணீர் மாதிரி ஓடி மெல்லிய பானைக்குள் மூலை மூலையாகப் போய்ச் சேரும். ஆனால் அதையே பட்டறையில் தேனிரும்பாக மாற்றப் போனால் செலவும் அதிகம், தரமும் மட்டம். அதனால் பானைக்காரருக்கு அது தங்கம், ஆணிக்காரருக்குத் தகரம்.

டார்பி முதலில் பானைக்காரராக இருந்ததால்தான் கல்கரி பிழைத்தது என்பது என் கட்சி. ஆணிக்காரராகவே நின்றிருந்தால் முதல் வருடமே கையை விட்டிருப்பார்.

1750-களில்தான் மகன் ஆபிரகாம் பட்டறைக்கு ஒத்துவரும் கல்கரி இரும்பை எடுத்தார். 1755-ல் ஹார்ஸ்ஹேயில் மூட்டிய புது உலை அதற்குப் பெரிய சாட்சி. அவர் ஆறு பகல் ஆறு இரவு உலையை விட்டு நகராமல் நின்றார், இரும்பு சரியாக வந்ததும் நின்ற இடத்திலேயே தூங்கிவிட்டார், ஆட்கள் தூக்கிக்கொண்டு வீட்டில் விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கேட்க நன்றாக இருக்கிறது.

மூத்தவர் இறந்ததும் தொழில் எப்படிக் கைமாறியது?

மோசமாக. 1717-ல் நாற்பதைத் தொடாமலே போய்விட்டார். புது வீடு கட்டிக்கொண்டிருந்தார், குடிபுகவில்லை. உயில் இல்லை. மனைவி மேரியும் சீக்கிரமே காலமானார். பையனுக்கு ஆறு வயது.

பிரிஸ்டல் வியாபாரி தாமஸ் கோல்ட்னி கொடுத்திருந்த கடனுக்காகப் பங்குகள் அவர் கைக்குப் போயின. மூத்த மருமகன் ரிச்சர்ட் போர்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். தாய்மாமன் ஜோஷுவா சார்ஜென்ட்தான் சில பங்குகளைத் திரும்ப வாங்கி அனாதைக் குழந்தைகளுக்கென்று வைத்தார். தாய்மாமன் முறை எந்த நாட்டிலும் வீண்போவதில்லை போல.

போர்டு காலத்தில் ஒரு புது வாடிக்கை வந்தது. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நியூகாமன் நீராவி இயந்திரங்களுக்குப் பித்தளை உருளை மிக விலை. 1720-களிலிருந்து கோல்புரூக்டேல் அதை இரும்பில் வார்த்துக் கொடுத்தது. அப்புறம் அந்த இயந்திரத்தையே தங்களுக்கும் வாங்கிப் போட்டார்கள். உலையின் துருத்திகள் நீர்ச்சக்கரத்தில் ஓடின. கோடையில் ஓடை வற்றினால் உலையை அணைக்க வேண்டும். 1740-களின் தொடக்கத்தில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே போன தண்ணீரை நீராவி இயந்திரத்தால் மறுபடி மேல் குளத்துக்கே இறைத்தார்கள். அதே தண்ணீர் திரும்பத் திரும்ப வேலை செய்தது.

குடும்பத்துப் பெண்களைப் பற்றி ஏதாவது தெரியுமா?

அந்தக் காலத்து மற்றக் குடும்பங்களைவிட அதிகமாகவே தெரியும், ஏனென்றால் குவேக்கர் பெண்கள் எழுதினார்கள், மேடையேறிப் பேசினார்கள். அபையா ஊர் ஊராகப் போய் உபதேசம் செய்தவர். பேரன் ஆபிரகாமின் தம்பி சாமுவேலின் மனைவி டெபோரா டார்பி 1793-ல் அமெரிக்காவுக்கே கப்பலேறி மூன்று வருடம் சுற்றிப் பேசினார். 1798-ல் கோல்புரூக்டேல் வந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியிடம், நீ குருடருக்கு ஒளியாகவும் முடவருக்குக் காலாகவும் இருப்பாய் என்று சொன்னார். அந்தப் பெண் பின்னாளில் எலிசபெத் பிரை என்ற பெயரில் சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போனவர். பேரன் இறந்தபின் கம்பெனிப் பங்குகளில் கணிசமான பகுதி குடும்பப் பெண்கள் கையில்தான் இருந்தது.

மகன் ஆபிரகாமின் முதல் தாரத்து மகள் ஹன்னாவைக் கல்யாணம் செய்த ரிச்சர்ட் ரேனால்ட்ஸும் பிரிஸ்டல் குவேக்கர்தான். மாமனார் 1763-ல் இறந்தபோது மைத்துனனுக்குப் பதின்மூன்று வயது. ஐந்து வருடம் பொறுப்பைச் சுமந்து, 1768-ல் பையனிடம் ஒப்படைத்தார். இடையில் 1767-ல் மரத் தண்டவாளங்களுக்கு மேல் இரும்புத் தண்டவாளம் பதிக்கவும் ஆரம்பித்தார்.

இரும்புப் பாலம் யார் கட்டியது? ஏன் அவ்வளவு புகழ்?

வடிவம் போட்டவர் தாமஸ் பிரிட்சர்ட் என்ற கட்டடக் கலைஞர். அவர் 1777 கடைசியில் இறந்துவிட்டார். செவர்ன் ஆற்றின் மேல் அதை வார்த்து நிறுத்தியது பேரன் ஆபிரகாம். 378 டன் இரும்பு, சுமார் நூறடி நீள ஒற்றை வளைவு, நடுவில் தூண் இல்லை. 1779-ல் நின்றது, 1781 புத்தாண்டு அன்று திறந்தார்கள்.

அருகில் போய்ப் பார்த்தால் ஒரு வேடிக்கை. போல்ட்டும் ரிவெட்டும் தேடினால் மூல அமைப்பில் கிடைக்காது. இரும்பில் இவ்வளவு பெரிதாகக் கட்டிய அனுபவம் யாருக்கும் இல்லையே. அதனால் தச்சு வேலை மாதிரியே ஒன்றில் துளை, இன்னொன்றில் கழுந்து, செருகி ஆப்பு வைத்து இறுக்கி இருக்கிறார்கள். இரும்பை மரமாக நினைத்துக் கட்டிய பாலம். தேவைக்கு மேல் எடை போட்டிருக்கிறார்கள் என்று பொறியாளர்கள் குறை சொல்வார்கள். 1795 வெள்ளத்தில் செவர்ன் ஆற்றுப் பாலங்கள் வரிசையாகச் சேதமானபோது அசையாமல் நின்றது இதுதான்.

எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்பது இருநூறு வருடம் புதிராக இருந்தது. 1997-ல் ஸ்டாக்ஹோமில் எலியாஸ் மார்ட்டின் என்ற சுவீடன் ஓவியரின் நீர்வண்ணப் படம் ஒன்று கண்ணில் பட்டது. பாதி கட்டிய பாலம், ஆற்றின் நடுவே மரச் சாரம், கீழே படகு. அதை வைத்துப் பாதி அளவில் மாதிரிப் பாலம் ஒன்றும் கட்டிப் பார்த்தார்கள்.

செலவு மதிப்பீட்டைப் போல இரண்டு மடங்கானது. மிச்சத்தைச் சுமந்தவர் பேரன்தான். கடன் தீராமலே 1789-ல் போனார், அவரும் நாற்பதைத் தொடவில்லை. என்னைக் கேட்டால் குடும்பத்தின் பெரிய சாதனை பானைதான், பாலம் அதற்குப் போட்ட விளம்பரம்.

போரை வெறுக்கும் குவேக்கர்கள் பீரங்கி வார்த்தார்கள் என்கிறார்களே?

வார்த்தார்கள். 1740-களின் போர்க்காலத்தில் போர்டும் கோல்ட்னி குடும்பமும் இருந்தபோது கோல்புரூக்டேலில் பீரங்கிகள் செய்யப்பட்டன. பிறகு கைவிடப்பட்டது.

பணம் வந்த வழியும் சுத்தமில்லை. தாமஸ் கோல்ட்னி, 1708-ல் பிரிஸ்டலிலிருந்து கிளம்பிய வுட்ஸ் ராஜர்ஸின் பயணத்தில் பெரிய பங்கு போட்டவர். எதிரி நாட்டுக் கப்பல்களை அரசு அனுமதியோடு கொள்ளையடிக்கும் பயணம் அது. 1709 பிப்ரவரியில் தனித்தீவில் தவித்த அலெக்சாண்டர் செல்கிர்க்கை மீட்டு வந்ததும் அந்தக் கப்பல்கள்தான், அதாவது கோல்புரூக்டேல் உலை மூட்டிய அடுத்த மாதம். பிரிஸ்டல் பித்தளைச் சரக்கில் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் அடிமைகளுக்கு விலையாகக் கைமாறியது. அடிமை வணிகம் செய்கிறவரை விலக்குவது என்று லண்டன் குவேக்கர் ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1761-ல். 1783-ல் நாடாளுமன்றத்துக்கு மனுவும் போட்டார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

வேறு குவேக்கர் இரும்புக் குடும்பங்கள் உண்டா?

உண்டு. உங்களுக்குத் தெரிந்த பெயர் லாய்ட்ஸ். வேல்ஸில் டோலோப்ரன் என்ற ஊர்ப் பிரபு சார்லஸ் லாய்ட், குவேக்கராகிப் பிரமாணம் செய்ய மறுத்ததால் 1662 முதல் பத்து வருடம்போலச் சிறைக்காவலில் கிடந்தார். தம்பி தாமஸ் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்து அங்கே ஆட்சிப் பொறுப்புக்கே வந்தார். சார்லஸின் மகன் சாம்ப்சன் 1698-ல் பர்மிங்காம் வந்து இரும்பு வியாபாரத்தில் இறங்கினார். அவருடைய மகன் 1765-ல் பொத்தான் முதலாளி ஜான் டெய்லரோடு சேர்ந்து தொடங்கிய வங்கிதான் பின்னாளில் லாய்ட்ஸ் வங்கி.

அந்த சாம்ப்சனின் மைத்துனன் ஆம்ப்ரோஸ் கிரவுலி. குவேக்கர் வீட்டுப் பிள்ளை, வடகிழக்கே சண்டர்லாந்துக்கும் பிறகு வின்லட்டனுக்கும் போய்க் கடற்படைக்கு ஆணியும் சங்கிலியும் செய்து கோடீஸ்வரரானார். பதவி ஆசையில் அரசுத் திருச்சபைக்கு மாறி 1707-ல் சர் பட்டமும் வாங்கிக்கொண்டார். ஷெபீல்டு பக்கம் போனால் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், கடிகாரக்காரர், குவேக்கர். நல்ல சுருள்வில் கிடைக்காத எரிச்சலில் 1740-களில் மூசையில், அதாவது சூடு தாங்கும் மண் கிண்ணத்தில், எஃகு உருக்கும் முறையைக் கண்டார். மூசையில் எஃகு செய்வது தென்னிந்தியக் கொல்லர்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

டார்பிகள் கடைசிவரை குவேக்கர்களாகவே இருந்தார்களா?

இல்லை. பணம் வந்தது, பண்ணை வீடு வந்தது, குவேக்கர்களின் எளிய சாம்பல் நிறச் சட்டை போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நாலாவது ஆபிரகாம் அரசுத் திருச்சபைக்கு மாறி, கோல்புரூக்டேலில் ஒரு கோயில் கட்டவே பணம் கொடுத்தார். கொள்ளுத்தாத்தா காலத்தில் கோயில் வரி கட்ட மறுத்தவர்கள்.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

1959-ல் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்த பழைய உலை இருக்கிறது. மேலே கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். பாலத்துக்காக உலையைப் பெரிதாக்கியபோது பேரன் பதித்த இரும்பு உத்தரத்தில் அவர் பெயரும் 1777 என்ற வருடமும் தெரியும். பக்கத்திலேயே அருங்காட்சியகம். 1986 முதல் அந்தப் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அங்கே கடைசியாக ஓடிய வார்ப்படச் சாலையை 2017-ல் மூடிவிட்டார்கள்.

பாலத்தில் 1934-லேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், நடக்கலாம். முனையில் சுங்கச் சாவடி வீடு. அதன் சுவரில் கட்டணப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறது. தவறாமல் வாசியுங்கள். சிப்பாயும், தபால் வண்டியும், அரச குடும்பமும்கூடக் காசு கொடுத்துத்தான் கடக்க வேண்டும் என்று போட்டிருக்கும். இப்போது உங்களுக்கு இலவசம்.